உதடு எப்படி இருக்கிறது?

ஜனவரி 9

அன்புள்ள வாலுக்கு,

பல் டாக்டர் ஆகி, வாசலில் பெயர்ப்பலகையும் மாட்டிய பிறகும் வாலு என்று கூப்பிடுகிறானே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. ஊருக்குத்தான் நீ டாக்டர். நானும் உன் அண்ணியும் பத்திரமாக வந்து சேர்ந்தோம், சௌக்கியமாக இருக்கிறோம். உன் உடம்பு எப்படி? அன்று பார்த்தபோது கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. வேலை வேலை என்று சாப்பாட்டை விட்டுவிடாதே.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். காலையில் மண்டியில் ஏலம் விட்டுக் கத்திய தொண்டைக்கு மாலையிலாவது ஓய்வு கொடுக்கலாம் என்று யோசனை. அதோடு போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார்.

மண்டியில் ஒரே விசாரிப்பு. வலது பக்கம் கீழே இரண்டு கடைவாய்ப் பல் விழுந்ததிலிருந்து, "மைக்குக்குக் காத்து போயிடுச்சு" என்று கிண்டல் செய்தவர்கள்தானே இத்தனை பேரும்! மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்க ஏலம் விடுகிறவன் என்று அவர்களே வைத்த பட்டப்பெயர் அது. இப்போது ஒவ்வொருவரும் வாயைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள். நானும் கூச்சமில்லாமல் காட்டுகிறேன். "எலும்புக்குள்ளயே திருகு வச்சிருக்கா என் தங்கச்சி. மூணு மாசத்துல அதுமேல பல்லு வந்து உக்காந்துடும். அப்புறம் ஆணிய குடுத்தாலும் மெல்லுவேன்" என்கிறேன். வெங்காய வியாபாரி ஒருவர், "அண்ணே, எனக்கும் கொஞ்சம் சிபாரிசு பண்ணுங்க" என்று பின்னாலேயே வருகிறார். உன் கிளினிக்குக்கு ஒரு லாரி ஆள் ஏற்றி அனுப்பலாம்.

ரயில் ஏற்றிவிட்டபோது கேட்டாயே, உதடு எப்படி இருக்கிறதென்று. நன்றாக இருக்கிறது. ஊசி போட்ட மரமரப்பெல்லாம் மறுநாள் காலையே போய்விட்டது என்று போனிலும் சொன்னேனே. வீக்கமும் வடிந்துவிட்டது. அண்ணி எல்லாவற்றையும் குழையக் குழையச் சமைத்துப் போடுகிறாள். குழந்தை மாதிரி விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. நேரம் கிடைத்தால் பதில் போடு.

உன் அண்ணன்

*

ஜனவரி 18

அன்புள்ள அண்ணா,

நான் நலம். கண் உள்ளே போகவில்லை, கண்ணாடி மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான். உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரரே ஆச்சரியப்பட்டார். மருந்துக் கம்பெனி உறைகளைத் தவிர எனக்கு அவர் எதுவும் கொண்டுவந்ததில்லை. அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடி ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்போது நான் சொல்வதைச் செய்ய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். அண்ணி ஒரு துளிப் பஞ்சால் உங்கள் கீழுதட்டைத் தொடட்டும். முதலில் இடது பாதி, பிறகு வலது பாதி, பிறகு அதற்கு நேர் கீழே முகவாய். தொடுவது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிகிறதா? எரிச்சல், குத்தல் ஏதாவது உண்டா? தண்ணீர் குடிக்கும்போது வலது ஓரம் ஒழுகுகிறதா? பயப்பட ஒன்றுமில்லை, எல்லோரிடமும் கேட்கிற கேள்விகள்தான்.

ஊசி போட்ட மறுநாள் காலை, "மரமரப்பு போச்சா?" என்று கேட்டதற்கு, "போச்சு போச்சு" என்றீர்கள். ஒரு தடவை சொன்னாலே போதும். ஏன் இரண்டு தடவை சொன்னீர்கள் என்று இப்போது யோசிக்கிறேன். போனில் கூப்பிட்டால் அண்ணிதான் எடுக்கிறார். "அவரு குளிக்கிறாரு" என்கிறார். ஒரு மனிதர் ஒரு நாளில் எத்தனை தடவை குளிப்பார்?

உதடு எப்படி இருக்கிறது என்று சரியாக எழுதுங்கள். ஏப்ரலில் திருகின்மேல் பல் மாட்ட வர வேண்டும், மறக்க வேண்டாம்.

அன்புத் தங்கை

*

பிப்ரவரி 2

அன்புள்ள வாலுக்கு,

நாங்கள் சௌக்கியம். அண்ணியின் முழங்கால் அவள் பேச்சைக் கேட்பதில்லை. என் பேச்சை எங்கே கேட்கப் போகிறது? நீ எப்படி இருக்கிறாய்?

பஞ்சுப் பரீட்சை நடந்தது. அண்ணி பஞ்சோடு வந்தாள், நான் கண்ணை மூடினேன், மூடினவன் தூங்கிப்போனேன். ஆகையால் பாஸ் என்று வைத்துக்கொள்.

இங்கே காலையில் காற்று கொஞ்சம் கடுமை. மஃப்ளர் சுற்றிக்கொண்டு போகிறேன். தாடியும் விட்டிருக்கிறேன். சாமியார் ஆகப் போகிறாயா என்று மண்டியே கேட்கிறது. தினம் தினம் சவரம் செய்கிற சோம்பல்தான், வேறொன்றுமில்லை.

ஒரு வேடிக்கை கேள். மண்டிக்குப் புதிதாக வந்த வியாபாரி ஒருவர் போன வாரம் உருளைக்கிழங்கு ஏலம் எடுத்தார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம், முடிந்தது. மூட்டையைப் பிரித்தால் மேலே நாலு கிழங்குதான் நல்லது, அடியெல்லாம் அழுகல். மனிதர் அதைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்துவிட்டார். "இதை திருப்பி எடுத்துக்குங்க" என்றார். மண்டி மொத்தமும் சிரித்தது. மூன்றாம் தரம் சொன்ன சரக்கு திரும்பாது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பார்த்து எடுக்க வேண்டும். எடுத்த பிறகு நல்லதோ அழுகலோ, தோளில் போட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் போய்விட வேண்டும். குறை சொன்னவனை இங்கே யாரும் மதிப்பதில்லை. நானும் இத்தனை வருஷத்தில் எடுத்த எதையும் திருப்பியதில்லை. ஒரு முறை கசப்பு வெள்ளரிக்காய் ஒரு கூடை எடுத்து வந்து, வாரம் முழுக்க உன் அண்ணியும் நானும் முகத்தைச் சுளிக்காமல் தின்று தீர்த்தோம். அந்தப் புதியவருக்கு இதெல்லாம் யார் சொல்வது? அன்று போனவர் இன்னும் வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது.

கிளினிக்கில் கூட்டம் எப்படி? இரண்டாவது நாற்காலி போடப் போவதாகச் சொன்னாயே, போட்டாயா? உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணா,

நலம். இரண்டாவது நாற்காலி போட்டாயிற்று. திருகுப் பல் வைக்க மட்டும் அது. நீங்கள் அனுப்பப் போகிற லாரிக்காகக் காத்திருக்கிறது.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உருளைக்கிழங்கு, வெள்ளரிக்காய், முழங்கால் எல்லாம் இருக்கிறது. உதடு இல்லை. எனக்குக் காற்று, மஃப்ளர், தாடி மூன்றும் பிடிக்கவில்லை. காற்று பட்டால் முகத்தில் ஏதாவது செய்கிறதா? கத்தி பட்டால்? வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் அன்றைக்கே வரச் சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே வாருங்கள். ஒரு எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிடலாம், சும்மாதான். டிக்கெட் நான் எடுத்து அனுப்பட்டுமா? அண்ணியையும் அழைத்து வாருங்கள், முழங்காலையும் காட்டலாம்.

போனை நீங்களே எடுங்கள், அண்ணா. ஒரு நிமிடம் பேசினால் போதும். குரலைக் கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும்.

தங்கை

*

மார்ச் 24

அன்புள்ள வாலுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பூண்டு வரத்து அதிகம், தலை தூக்க நேரமில்லை. ஏப்ரலில் வர முடியாது போலிருக்கிறது. பல் மாட்ட என்ன அவசரம், எங்கே ஓடிவிடப் போகிறது? கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே, மடியில் வைத்து எழுதுகிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

ஏப்ரல் 3

டாக்டரம்மாவுக்கு அண்ணி எழுதுவது.

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் நலமில்லை. இதை எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது.

நீ திருகு வைத்துவிட்ட நாளிலிருந்து அவருக்கு வலது பக்கம் உதடும் முகவாயும் மரத்துத்தான் கிடக்கிறது. முதலில் வெறும் மரமரப்பு. ரயிலிலேயே என்னிடம் சொன்னார், சரியாகிவிடும் என்றார். ஒரு வாரத்தில் வலி பிடித்துக்கொண்டது. சுரீர் என்று தாடையிலிருந்து காது வரைக்கும் இழுக்கிறதாம். காற்று பட்டால் எரிகிறதென்று வீட்டில் மின்விசிறி போட்டே மூன்று மாதமாகிறது. நானும் கூடவே வெந்துகொண்டிருக்கிறேன். பல் தேய்க்கும்போது கதவைச் சாத்திக்கொள்கிறார். போனில் நீ கூப்பிடும்போதெல்லாம் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். குளிக்கிறார் என்று சொல்லச் சொல்லிக் கையைக் காட்டுவார்.

பேசினால் வலிக்கிறது. ஏலம் விட்டு ஆறு வாரத்துக்கு மேலாகிவிட்டது. கீச்சு என்று ஒருவன் இருக்கிறானே, அவரிடம் தொழில் கற்றவன், அவன்தான் இப்போது ஏலம் விடுகிறான். இவர் போய் ஓரமாக உட்கார்ந்துவிட்டு வருகிறார். போகாமல் இருக்கவும் முடியவில்லை.

போன வாரம் மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்தச் சுண்டெலி தாத்தா தாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓடி வந்து முகவாயைப் பிடித்தது. இவர் பிள்ளையின் கையை ஓங்கித் தட்டிவிட்டார். பிள்ளை வீல் என்று அழுதது. இவர் எழுந்து அறைக்குள் போய்விட்டார். நான் போய்ப் பார்த்தபோது இவரும் அழுதுகொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை.

இழுத்துக்கொண்டுதான் நரம்பு டாக்டரிடம் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். "திருகு நரம்பு ஓடுற குழாய்க்குள்ள இறங்கியிருக்கு. அன்னைக்கோ மறுநாளோ எடுத்திருந்தா நரம்பு பிழைச்சிருக்கும். இப்போ எடுத்தா குறையலாம், குறையாமலும் போகலாம், கூடினாலும் கூடும்" என்றார். மாத்திரை கொடுத்திருக்கிறார். அதைத் தின்றால் நாள் முழுக்கத் தள்ளாட்டம். பேனா பிடிக்கக் கை நடுங்குகிறது. பூண்டு வரத்து என்று உனக்கு எழுதியதைப் படித்தேன்.

"வச்சது யாரு?" என்று டாக்டர் கேட்டார். ஊரெல்லாம் வாயைத் திறந்து என் தங்கச்சி, என் தங்கச்சி என்று காட்டின மனிதர், "வெளியூர்ல ஒரு டாக்டர்" என்றார்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். "வச்ச உடனே ஒரு படம் எடுப்பாங்களே, அதுலயே தெரிஞ்சிருக்குமே" என்றார். நீ படம் எடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாய். "எல்லாம் சரியா இருக்கா?" என்று நான் கேட்டேன். "ரயிலுக்கு நேரமாச்சு அண்ணி" என்று சொன்னாய்.

உனக்கு அன்றைக்கே தெரியுமா? இதற்கு மட்டும் பதில் எழுது.

அண்ணி

*

மே 20

அன்புள்ள அண்ணா,

உங்கள் உடல்நிலை பற்றி அறிந்தேன். அண்ணி எழுதினார் என்று அவரைக் கோபிக்க வேண்டாம். நான் நலமாக இருக்கிறேன்.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. தள்ளாட்டம் அதிகமாக இருந்தால் அந்த டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் வேண்டாம். குளிர்ந்த தண்ணீர் வேண்டாம். பல் தேய்க்க மிருதுவான சிறிய பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீர். உதடு மரத்திருப்பதால் சூடான எதையும் முதலில் இடது பக்கம் பட வைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் வெந்தது தெரியாது.

எனக்குப் பாடம் நடத்திய பேராசிரியரைப் போய்ப் பார்த்தேன். இன்னும் இரண்டு பேரைப் பார்த்தேன். திருகை எடுத்துவிடலாம் என்கிறார் ஒருவர். எலும்பு அதைப் பிடித்துக்கொண்டு விட்டது, குடைந்து எடுத்தால் மிச்சமிருக்கிற நரம்பும் போகும் என்கிறார் இன்னொருவர். பேராசிரியர் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். நான் புத்தகங்களையெல்லாம் எடுத்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஏதாவது வழி இருக்கும்.

இரண்டாவது நாற்காலியில் துணி போர்த்திவிட்டேன். திருகு வைக்க வருகிறவர்களை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுகிறேன். சொத்தை அடைப்பது, பல் பிடுங்குவது மட்டும் செய்கிறேன். நேற்று ஒரு பெரியவருக்கு ஆடிக்கொண்டிருந்த பல்லை எடுக்கக்கூட ஊசி போட்டுவிட்டு வெளியே போய் நின்றேன்.

அண்ணியின் கடிதம் கிடைத்தது என்று சொல்லுங்கள்.

தங்கை

*

மே 29

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் நலம், நிஜமாகவே நலம். உன் அண்ணி ஒன்றை ஒன்பதாக்குவாள் என்று உனக்குத் தெரியாதா? வலி இப்போது நன்றாகவே குறைந்திருக்கிறது. நேற்று மண்டியில் பத்து மூட்டை கேரட்டை நானே ஏலம் விட்டேன். கீச்சுவின் முகம் சுருங்கிப்போனது. அவன் ஏலம் விட்டால் சரக்கே பயந்து விலை இறங்குகிறது என்று வியாபாரிகள் சொல்கிறார்கள்.

உன்மேல்தான் கோபம். நாற்காலிக்குத் துணி போர்த்துவதாவது! ஒரு பல் சரியாக உட்காரவில்லை என்று கையைக் கட்டிக்கொள்வார்களா? ஒரு நாள் விலை படியவில்லை என்று நான் மண்டியை இழுத்து மூடினேனா? அந்தத் துணியை எடு. வருகிறவர்களுக்கு வேலையைச் செய். நீ படித்து முடிக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும். எனக்கு வேண்டியது நீ உன் வேலையைச் செய்வது ஒன்றுதான்.

சரியாகச் சாப்பிடு.

அண்ணன்

*

ஜூன் 8

அன்புள்ள அண்ணா,

நலம் விசாரிக்கவில்லை. விசாரித்தால் நலம் என்று எழுதுவீர்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று அண்ணிக்குப் போன் செய்தேன். அவர் என்னோடு பேச விரும்பவில்லை. "கேரட் ஏலம் விட்டாராமே?" என்று மட்டும் கேட்டேன். "அவரு மண்டிக்கு போயே ரெண்டு வாரமாச்சு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்காகக் கேரட் மூட்டைகளை இட்டுக்கட்டுகிறீர்கள். இந்தப் பொய்யை நான் எங்கே வைப்பேன்? நான் துணியை எடுத்துவிட்டு நிம்மதியாக வேலை செய்ய வேண்டும் என்று எழுதுகிறீர்கள். நிம்மதி வரவில்லை அண்ணா. என்னை நீங்கள் ஒரு பச்சைக் குழந்தையாக்கி வாசலுக்கு வெளியே உட்கார வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே தனியாகத் துடிக்கிறீர்கள்.

எப்படி இருக்கிறது என்று ஒரே ஒரு தடவை உள்ளதை எழுதுங்கள். மருத்துவம் சொல்ல மாட்டேன்.

தங்கை

*

ஜூலை 2

வாலு,

நான் நலமாக இல்லை.

எழுதிவிட்டேன். இதை எழுதுவதற்கு முன் மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன்.

தொட்டால் தெரியாத இடம் தொடாமலேயே எரிகிறது. கிள்ளிப் பார்த்தால் யாரோ ஒருவனுடைய உதடு. ஆனால் ஜன்னல் வழியாகக் காற்று வந்தால் அதே உதட்டில் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி காந்துகிறது. கீழே ஒரு எரிச்சல் எப்போதும் இருக்கிறது. அதன்மேல் அவ்வப்போது சுரீர் என்று ஒன்று வெட்டும். வெட்டி முடிந்த பிறகு அடுத்தது எப்போது என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் கொடுமை. நான் நாளெல்லாம் செய்கிற வேலை இப்போது அதுதான்.

'தரம்' என்று சொல்லி முடிக்க உதடு இரண்டும் சேர வேண்டும். இத்தனை வருஷம் எனக்கு அது தெரியவே தெரியாது. ஒரு தரம் என்றால் ஒரு வெட்டு, இரண்டு தரம் என்றால் இன்னொன்று. மூன்றாவதைச் சொல்ல முடியாமல் ஒரு நாள் அப்படியே நின்றுவிட்டேன். தக்காளிக் கூடை முன்னால் இருக்கிறது, எல்லோரும் என் வாயைப் பார்க்கிறார்கள். கீச்சுதான் பின்னாலிருந்து, "மூணு தரம்!" என்று சொல்லி முடித்தான். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மறுநாளும் ஏலம் விட்டிருப்பேன்.

திருகு வைத்த மறுநாள் காலை நீ போன் செய்தபோது உதடு கட்டையாகத்தான் இருந்தது. போச்சு என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். நான் பழகின பழக்கம் அப்படி. வாங்கிக்கொண்ட பிறகு குறை சொன்னால் அசிங்கம். அதுவும் என் தங்கை கையால் வாங்கிக்கொண்டது. டாக்டர் என்றால் கேட்டதற்கு உள்ளதைச் சொல்ல வேண்டும், அது ஏலம் இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்று ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் அடுத்த ரயிலிலேயே என்னை வரவழைத்திருப்பாய். மண்டிப் புத்தி என்னைத் தின்றுவிட்டது.

என் பங்கைச் சொல்லிவிட்டேன். இனி உன் பங்கு. உன் அண்ணி உன்னை ஒன்று கேட்டாள். நீ பதில் எழுதவில்லை. வாயைத் திறக்காதவன் மனதில் என்ன விலை இருக்கிறது என்று பார்த்துப் பார்த்தே பிழைத்தவன் நான். போகும்போது கேட்டாய், போனில் கேட்டாய், கடிதத்துக்குக் கடிதம் உதடு உதடு என்று கேட்டாய். எல்லோரிடமும் இத்தனை தடவையா கேட்பாய்?

கோபம் இல்லை என்று எழுதினால் அதுவும் பொய். கோபம் வருகிறது. தினமும் வருகிறது. திட்டிக்கொண்டே இருப்பேன். அப்போது இன்னொன்றும் ஞாபகம் வரும். நாற்காலியில் நான் வாயைப் பிளந்து படுத்திருந்தேன், என் நெற்றி வியர்த்தது, உன் இரண்டு கையிலும் உறை. முழங்கையால் என் நெற்றியைத் துடைத்துவிட்டாய். கோபம் அதோடு போவதில்லை. அழுகையும் சேர்ந்துகொள்கிறது. அழுதால் உதடு நடுங்குகிறது, நடுங்கினால் வெட்டுகிறது. அதனால் அழவும் முடியவில்லை.

வைத்தியம் எழுதாதே என்று நானும் சொல்கிறேன். எழுத ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அண்ணன்

*

ஜூலை 13

அண்ணா,

ஆமாம். அன்றைக்கே படத்தில் தெரிந்தது.

திருகின் நுனி நரம்புக் குழாயின் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. படம் கொஞ்சம் சாய்ந்து விழுந்திருக்கும், உண்மையில் தொட்டிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நாற்காலியில் படுத்திருந்தது வேறு யாராக இருந்தாலும் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். உடனே எடுத்திருப்பேன். உங்களைத் திரும்பப் படுக்க வைத்து, "தப்பாயிடுச்சு அண்ணா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாயைத் திறந்துகொண்டு அத்தனை பெருமையாகப் படுத்திருந்தீர்கள்.

மறுநாள் நீங்கள் போச்சு என்று சொன்னதும் எனக்கு எத்தனை சந்தோஷம் தெரியுமா? பசித்துச் சாப்பிட்டேன். நான் கேட்க ஆசைப்பட்டதை நீங்கள் சொன்னீர்கள், நான் மறு கேள்வி கேட்கவில்லை. பிறகு அண்ணியின் கடிதம் வந்ததும் கொஞ்ச நாள் உங்கள்மேல் கோபப்பட்டேன். உள்ளதைச் சொல்லியிருந்தால் காப்பாற்றியிருப்பேனே என்று. அப்படி நினைத்துக்கொண்டால்தான் என்னால் தூங்க முடிந்தது.

மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டால் உடனே கொடுத்துவிடுவீர்கள்.

புத்தகங்களை மூடிவிட்டேன். யாரிடமும் வழி இல்லை. எத்தனையோ பேரின் வலியை எடுத்துவிட்ட இந்தக் கைகளுக்கு உங்கள் வலியை எடுக்கத் தெரியவில்லை. நான் வரட்டுமா? சாமான் எதுவும் கொண்டுவர மாட்டேன். வாயைத் திறக்கச் சொல்ல மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். அண்ணி உள்ளே விடுவாரா?

தங்கை

*

ஜூலை 21

வாலு,

ரயிலடிக்கு என்னால் வர முடியாது, அங்கே காற்று அடிக்கும். அண்ணி உன்னோடு பேச மாட்டாள், ஆனால் உன் படுக்கையை நேற்றே தட்டிப் போட்டுவிட்டாள். நானும் பேச மாட்டேன், முடியாது. விசிறி போட முடியாது, வெந்து சாவாய். நீ வந்ததால் வலி குறைந்தது என்று பொய் சொல்லவும் மாட்டேன்.

வா.

அண்ணன்